வாசலில் தலைகீழாகத் தொங்கும் எங்கள் செடி

ஒரு செடி சிவந்து அழகாக இருந்தால் அது நன்றாக இருக்கிறது என்று பொருளா, கஷ்டப்படுகிறது என்று பொருளா? இந்த வருடம் முழுக்க யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

மற்ற செடிகளில் இந்தக் குழப்பம் கிடையாது. பச்சையாக இருந்தால் நலம், பழுத்தால் நலமில்லை. எங்கள் வீட்டில் இருக்கும் செடி அதற்கு நேர்மாறு. எச்சவேரியா என்று பெயர். ஒரு தாமரையை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, இதழ்களையெல்லாம் தடித்த இலைகளாக மாற்றி வைத்ததுபோல் இருக்கும். தண்ணீரை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும் வகை. வெயில் சுள்ளென்று அடித்து, தண்ணீரும் சரியாகக் கிடைக்காவிட்டால் அந்த இலைகளில் ரோஜா நிறமும் ஊதாவும் ஏறும். நிழலில் வைத்து வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினால் சாதாரணப் பச்சையாகிவிடும். செடி வளர்ப்பவர்கள் போடும் வீடியோக்களில் அந்தச் சிவப்பை 'ஸ்ட்ரெஸ் கலர்' என்கிறார்கள். சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் "எவ்வளவு அழகு பாருங்கள்" என்கிறார்கள். என் மகளின் கன்னம் அந்த நிறத்துக்கு வந்தால் நான் தெர்மாமீட்டரைத் தேடுவேன்.

செடி வந்தது ஒரு பிறந்தநாள் விழாவிலிருந்து. மைசூரில் இப்போதெல்லாம் பிறந்தநாளுக்கு வரும் குழந்தைகளுக்குப் பென்சில் டப்பா கொடுப்பதில்லை, சின்னத் தொட்டியில் ஒரு செடி கொடுத்தனுப்புகிறார்கள். பிறந்தநாள், அடுத்த தெருவில் இருந்த என் மகளின் தோழிக்கு. யூகேஜியில் இருவரும் ஒரே பெஞ்சு. தோழியின் அப்பாவுக்கு ஹூப்ளிக்கு மாற்றல் ஆகியிருந்ததால் அதுவே அவர்கள் விடைபெறும் விருந்தாகவும் ஆகிவிட்டது. வந்த குழந்தைகளுக்கெல்லாம் பச்சைச் செடிகள். இரண்டு சிவப்புச் செடிகளை மட்டும் தோழியின் அம்மா தனியாக எடுத்து வைத்திருந்தார். ஒன்று அவர் மகளுக்கு, இன்னொன்று என் மகளுக்கு. இரண்டும் ஒரே அளவு, ஒரே சிவப்பு. குழந்தைகள் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்: தசரா விடுமுறைக்கு ஹூப்ளிக்காரி மைசூருக்கு வரும்வரை இரண்டு செடிகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

என் மகள் சட்டென்று யாரோடும் ஒட்டமாட்டாள். கூட்டத்தில் என் துப்பட்டாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். அந்த ஒரு பெண்ணிடம்தான் அவள் வாய் திறந்தது. அதுவும் கன்னடத்தில், நான் வியக்கும் வேகத்தில். அவர்கள் ஊரை விட்டுப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை வீடியோ அழைப்பு என்று ஏற்பாடு செய்துகொண்டோம். இரண்டு பேரும் அவரவர் செடியைக் கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டுவார்கள். "நின்னது?" "இதோ, நோடு." உன்னுடையது? இதோ, பார். பிறகு பள்ளிக்கூடக் கதைகள். ஒன்றாம் வகுப்புக்குப் போனதும் என் மகளுக்குப் புதுத் தோழிகள் யாரும் கிடைக்கவில்லை. அதனால் அந்தச் செடி வாடாமல் இருப்பது எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வாடாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

முதலில் இலைகளின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைக் கவனித்தேன். விரல் பட்டால் மாவுபோல ஒட்டியது. எங்கள் செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்து படாத பாடு படுத்தியிருந்ததால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மல் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாக, குழந்தைக்குக் காது துடைப்பதுபோலத் துடைத்து எடுத்தேன். செடி பளபளவென்று ஆனது. மகள் வந்து பார்த்தாள்.

"அம்மா, இதுக்கு பவுடர் எங்கே?"

"அது பவுடர் இல்லடா, பூச்சி."

"அவளோட செடியில இருக்கே. அவ சொன்னா, செடி குளிச்சிட்டு பவுடர் போட்டுக்குதாம்."

அன்று மதியம் தேடிப் படித்தேன். அது செடியே வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளப் பூசிக்கொள்ளும் மெழுகுப் பூச்சு. துடைத்த இலையில் திரும்ப வராதாம். புதிதாக முளைக்கும் இலைகளில்தான் வருமாம். படித்து முடித்தபோது எனக்கே வெயிலில் நிற்பதுபோல் இருந்தது. மேல்தோல் போன செடியை எப்படி வெயிலில் விடுவது? தொட்டியைப் பால்கனியிலிருந்து எடுத்துச் சமையலறை ஜன்னல் உள்பக்கம், நிழலில் வைத்தேன்.

பிறகு தண்ணீர். படிக்கிற காலத்திலிருந்தே பாடப் புத்தகத்தில் அடிக்கோடு போடுபவள் நான். இந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தேடினால் ஒருவர் மாதம் ஒரு முறை என்றார், ஒருவர் மண் காய்ந்தால் என்றார், ஒருவர் இலை சுருங்கும்வரை காத்திருங்கள் என்றார். சுருங்கும்வரை காத்திருப்பதா? யாராவது குழந்தையின் உதடு உலரும்வரை காத்திருப்பார்களா? எல்லாவற்றுக்கும் நடுவில் ஒன்றாக, தினமும் காலையில் ஒரே ஒரு ஸ்பூன் என்று முடிவு செய்தேன். ஒரு ஸ்பூன் என்ன செய்துவிடும்?

அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்ட மனமில்லாமல் என் கணவரும் அதற்கு ஊற்றிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் வாட்டர் பாட்டிலில் மிச்சமிருந்ததை மகளும் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் பாசமாக இருந்தோம். மூன்று பேருக்கும் மற்ற இருவர் பற்றித் தெரியாது.

ஆனி பாதியில் மழை பிடித்துக்கொண்டது. வெயிலே இல்லை. செடி வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டியது. நெருக்கமாக இருந்த இலைகள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, நடுவே வெளிறிய தண்டு தெரிந்தது. சிவப்பு முதலில் ஓரங்களுக்கு ஒதுங்கியது, பிறகு ஓரங்களிலிருந்தும் போய்விட்டது. முட்டைக்கோஸ் ஒன்று எட்டிப் பார்ப்பதுபோல் ஆகிவிட்டது எங்கள் தாமரை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் ஹூப்ளிச் செடியைப் பார்த்தேன். செக்கச் செவேலென்று, மொட்டுபோல இறுக்கமாக இருந்தது. குழந்தைகள் பேசி முடித்ததும் நான் போனை வாங்கி, தோழியின் அம்மாவிடம் கன்னடத்தில் கேட்டேன்.

"எப்படி வளர்க்கறீங்க? உரம் ஏதாவது?"

அவர் சிரித்தார். "ஏனூ மாடில்ல ரீ. ஒண்ணுமே பண்ணலை. மொட்டை மாடியில ஏசி அவுட்டோர் மேல வெச்சேன், மறந்தே போயிட்டேன். ஞாயித்துக்கிழமை உங்க போன் வந்தாதான் அது ஞாபகமே வரும்."

எனக்கு அன்றைக்கு ஏனோ மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

 அடுத்த ஞாயிறு மகள் செடியைக் கேமராவுக்குக் காட்டாமல் பேசினாள். அதற்கடுத்த ஞாயிறு தோழி கேட்டுவிட்டாள்: "நின்னது எல்லி?" எங்கே உன் செடி? மகள் போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அதற்கும் அடுத்த வாரம் அழைப்பு வந்தபோது வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள்.

"என்னடா கண்ணா?"

"அம்மா, அதுக்கு பேசர ஆயிடுச்சா?"

மன வருத்தத்துக்குக் கன்னடத்தில் பேசர என்பார்கள். என் மகளுக்கு அந்த உணர்வுக்குத் தமிழ்ச் சொல் தெரியாது.

"செடிக்கா? இல்லடா. மழை பெய்யுதில்ல, அதான் பச்சையா இருக்கு."

"ரெண்டும் ஒரே மாதிரி இல்லன்னா அவ வேற ஃபிரெண்ட் பிடிச்சிக்குவா."

இப்போது அது செடி பற்றிய பிரச்சினையாக இல்லை. அவளுக்கு இருந்த ஒரே தோழியை நான் ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் ஊற்றித் தொலைத்துக்கொண்டிருந்தேன்.

கணவரிடம் சொன்னேன். அவருக்கு எதையும் எளிதாக்கிவிடத் தெரியும்.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே? நர்சரில ஒண்ணு வாங்கி அதே தொட்டியில வெச்சிட்டா முடிஞ்சது."

"அவ கண்டுபிடிச்சிடுவா."

"நான் மீசைய எடுத்தப்பவே ஒரு வாரம் கழிச்சித்தான் கண்டுபிடிச்சா."

லிங்காம்புதி ஏரிப் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனேன். அதே இனம், அதே சிவப்பு, வரிசையாக இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் சுற்றினேன். எங்கள் செடியில், விருந்திலிருந்து வரும்போது பையில் இடித்து ஒரு இலையின் நுனி உடைந்திருந்தது. மகள் அந்த இலைக்குத் தினமும் "நோவு சரியாயிடுச்சா" என்று கேட்பாள். கையிலிருந்ததில் எல்லா இலைகளும் முழுசாக இருந்தன. நானே ஒரு நுனியைக் கிள்ளிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்ததும் எனக்கே பயமாகிவிட்டது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வெறும் கையோடு வரக் கூச்சமாக இருந்ததால் ஒரு கருவேப்பிலைச் செடி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே செடியின் அடித்தண்டு கறுத்துவிட்டது. தொட்டால் வெந்த கத்தரிக்காய்போல அமுங்கியது. வேரழுகல். கறுப்பு மேலே ஏறும் முன் தலையை வெட்டி எடுத்தால் பிழைக்கலாம், வெட்டிய இடம் காய்ந்து அதிலிருந்து புது வேர் வரலாம் என்று எல்லா வீடியோக்களும் ஒரே குரலில் சொன்னது இந்த ஒரு விஷயத்தில்தான். மகள் பள்ளியில் இருந்த நேரமாகப் பார்த்து, கத்தியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன் என்று சொல்ல ஆசை. கண்ணைத் திறந்துகொண்டுதான் வெட்டினேன். தண்டு உள்ளே பச்சையாக, சுத்தமாக இருந்தது. தலையை ஒரு செய்தித்தாளில் வைத்துப் பால்கனியில் காயப் போட்டேன்.

இந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்கு நங்கையா வந்திருந்தார். நங்கையா என்றால் என் கணவரின் அக்கா. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். கொள்ளேகாலில் பட்டு நூல் வியாபாரம் செய்யும் குடும்பம். ஆடியை ஒட்டி வரும் ஆஷாட மாதத்தின் கடைசி வெள்ளிக்கு சாமுண்டி மலை ஏறிவிட்டு, அமாவாசை வரை எங்களோடு தங்கிவிட்டுப் போவது அவருடைய வருடாந்திரத் திட்டம். வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரமாட்டார். மிக்சியின் ரப்பரை மாற்றுவார், தலையணை உறைகளைத் திருப்பித் தைப்பார்.

அமாவாசை அன்று மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். எனக்கு முன்னால் ஏறிய மகள் நின்றுவிட்டாள்.

"அம்மா! நம்ம செடி!"

வாசல் நிலைக்கு மேலே, வழக்கமாகக் கற்றாழை தொங்கும் ஆணியில், எலுமிச்சம்பழம் மிளகாயோடு சேர்த்து, கறுப்புக் கயிற்றில் எங்கள் எச்சவேரியா தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தண்டுப் பக்கம் குங்குமம் வைத்திருந்தது. நல்லவேளை, இலையில் வைக்கவில்லை.

"நங்கையா, இதை எதுக்கு இங்கே கட்டினீங்க?"

"திருஷ்டிக்குத்தான் கண்ணு. பழைய கத்தாழ காஞ்சு கருவாடாக் கெடந்துது. கழட்டிப் போட்டுட்டு இதக் கட்டினேன். நீதான் வெட்டித் தயாராப் பேப்பர்ல வெச்சிருந்தயே."

"அய்யோ, அது கற்றாழை இல்ல. அது நடறதுக்கு. பாப்பாவோட செடி."

"வேரில்லாம வெட்டி வெச்சா நடறதுக்குன்னு ஆருக்குத் தெரியும்? பாத்தா கத்தாழ ஜாதியாட்டமே இருக்குது, எலையெல்லாம் மொத்தமா. உங்கூட்டுக்குத்தான் என்ன அழகா அமைஞ்சுதுன்னு நானே மெச்சிக்கிட்டேன்."

நான் ஆணியை நோக்கிக் கையைத் தூக்கினேன். நங்கையாவின் குரல் மாறியது.

"தொடாதே! கட்டினதக் கழட்டலாமா? எலுமிச்சம்பழத்தோட கட்டினது, அடுத்த அமாவாசை வரைக்கும் அது அங்கதான் இருக்கோணும். அப்புறம் கழட்டி முச்சந்தில போட்ரோணும். திருஷ்டி எடுத்தத ஊட்டுக்குள்ள கொண்டு போனா எடுத்ததெல்லாம் உள்ள வந்துரும்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. படித்தவள், இதை நங்கையாவிடமே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். ஆனால் கை ஆணிக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. குழந்தை இருக்கும் வீடு. போன மாதம்தான் சளி, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்திருந்தோம். நாளைக்கு ஒரு தும்மல் வந்தால் எனக்கு இந்த ஆணிதான் ஞாபகம் வரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நம்பாதவளுக்கும் பயம் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

அன்று முழுவதும் வாசலுக்கு வந்து வந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். நங்கையாவுக்கும் மனசு கேட்கவில்லை. கிளம்பும்போது மகளை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார்.

"ஏஞ்சாமி, அத்தை மேல கோவமா? அது சாகாது. கத்தாழைய எத்தன நாளு தொங்கப் போடறோம், மண்ணு இல்ல, தண்ணி இல்ல, பூவே பூக்குது. உங்கம்மா ஊத்துன தண்ணில அது மூச்சு முட்டிக் கெடந்துது. இனி அது பாட்டுக்குக் காத்து வாங்கட்டும்."

மகள் யோசித்துவிட்டு, "அதுக்குத் தலை சுத்தாதா?" என்று கேட்டாள்.

"உங்கப்பன் சின்னப் பையனா இருக்கறப்போ புளியமரத்துல இப்படித்தான் தொங்குவான். அவனுக்கே சுத்தல."

அவர் போன பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் வாசலில் வருடக்கணக்காக ஒரு கற்றாழை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் தொங்கியிருக்கிறது. நான் தினமும் அதன் கீழே நடந்துபோய்த்தான் இந்தச் செடிக்கு எத்தனை ஸ்பூன் தண்ணீர் என்று இணையத்தில் தேடியிருக்கிறேன். அதை ஒரு செடியாகவே நான் நினைத்ததில்லை.

அதன் பிறகு எங்கள் மூவராலும் அதற்குத் தண்ணீர் ஊற்ற முடியவில்லை. அவ்வளவு உயரத்தில், தலைகீழாக இருந்தால் எங்கே ஊற்றுவது? ஸ்பிரே பாட்டிலை ஒரு நாள் கையில் எடுத்தேன். கணவர் அதை வாங்கி ஃபிரிட்ஜுக்கு மேல் வைத்துவிட்டார். அரிசி கழுவிய தண்ணீர் கருவேப்பிலைக்குப் போனது. எங்கள் வாசல் கிழக்குப் பார்த்தது. மழை விட்டுவிட்டுப் பெய்ய, நடுவில் வந்த காலை வெயில் முழுக்க அதன்மேல் விழுந்தது. கீழ் இலைகள் கொஞ்சம் சுருங்கின. நான் மூன்று முறை கழற்ற நாற்காலி போட்டு, மூன்று முறையும் நாற்காலியைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

முதலில் கண்டுபிடித்தவள் மகள். பள்ளிக்குக் கிளம்பும்போது ஷூ போட்டுக்கொண்டே மேலே பார்த்தவள், "அம்மா, அது தலையத் தூக்குது" என்றாள். உண்மைதான். தரையைப் பார்த்திருந்த செடி, தண்டைக் கொக்கிபோல வளைத்து முகத்தை வெயில் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. நடுவில் முளைத்த புது இலைகளில் வெள்ளைப் பவுடர் இருந்தது. ஓரங்களில் ரோஜா நிறம், பென்சிலால் கோடு போட்டதுபோல.

சில நாள் கழித்து நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். வெட்டிய தண்டின் முனையிலிருந்து நூல் நூலாக, இளஞ்சிவப்பில், காற்றில் வேர்கள் நீண்டிருந்தன. என்னையறியாமல் நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ஆன்ட்டி "ஏனாயித்து?", என்ன ஆச்சு, என்று கேட்டபடி வெளியே வந்துவிட்டார். வேர் வந்ததற்கு இவ்வளவு கூச்சலா என்று அவர் நினைத்திருப்பார்.

அந்த ஞாயிறு மகளுக்கு வயிறு வலிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி மேலே காட்டினாள்.  

ஹூப்ளிப் பக்கத்திலிருந்து ஒரு கிறீச்சிடல். "சர்க்கஸ்! நின்னது சர்க்கஸ் மாடத்தே!" உன்னுடையது சர்க்கஸ் செய்கிறது என்கிறாள்.

அதற்குப் பிறகு இருவரும் பேசிய வேகத்தை என்னால் பின்தொடர முடியவில்லை. வாரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் மகள் கொட்டிவிட்டாள். நான் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பரவாயில்லை என்று இருந்தது.

ஆனால் அடுத்த அமாவாசை வந்துவிட்டது. திருஷ்டி கட்டியதைக் கழற்றி முச்சந்தியில் போட வேண்டிய நாள். காலையிலிருந்தே எனக்குக் கை ஓடவில்லை. விட்டுவிட்டால் பயம், போட்டுவிட்டால் மகளின் செடி. பத்து மணிக்கு நங்கையாவுக்குப் போன் செய்தேன்.

"நங்கையா, அந்தச் செடி வேர் விட்டிருக்கு."

"எது? வாசல்ல கட்டினதா?"

"ஆமா. நிறைய. அதைப் போய் முச்சந்தியில…" 

  நங்கையாவுக்கும் இது புதிது.

"எலுமிச்சம்பழம் என்னாச்சு?"

"காஞ்சு போச்சு."

"மொளகா?"

"அதுவும்தான்."

"அப்ப திருஷ்டி அதுல எறங்கிருச்சு. அதையும் கவுத்தையும் கொண்டுபோய்ப் போடு. வேர் விட்டது உசுரு கண்ணு. உசுரக் கொண்டுபோயி வண்டி வாசி போற எடத்துல போடுவாங்களா?"

இந்தச் சட்டம் அந்த நிமிடம் எழுதப்பட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் யாரோ பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்ற நிம்மதியில் கறுப்புக் கயிற்றையும் எலுமிச்சம்பழத்தையும் எங்கள் தெருமுனையில் போட்டுவிட்டு வந்தேன். மகள் தன் மஞ்சள் ரிப்பன் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதே ஆணியில், அந்த ரிப்பனில் திரும்பக் கட்டினோம். தோழி வந்து நேரில் பார்க்கும்வரை இறக்கக் கூடாது என்பது அவள் கட்டளை.

தசராவுக்கு அவர்கள் வந்தார்கள். அரண்மனை விளக்குகளுக்குக் கூட்டிப் போனோம், கண்காட்சியில் அப்பளம் வாங்கிக் கொடுத்தோம். ஊருக்கே அலங்காரம் செய்து வைத்திருக்க, அந்தக் குழந்தைகள் இரண்டும் பாதி நேரம் எங்கள் வாசற்படியில் மல்லாந்து படுத்துக்கொண்டு மேலே தொங்குவதைப் பார்த்தன. ஹூப்ளிச் செடியையும் கொண்டுவந்திருந்தார்கள். தொட்டியில், நிமிர்ந்து, குறையில்லாமல், செக்கச் சிவப்பாக இருந்தது. எங்களுடையது வளைந்த கழுத்தோடு, பாதி பச்சையும் பாதி சிவப்புமாக.  இரண்டும் ஒரே மாதிரி இல்லையே.

குழந்தைகளும் அதைக் கவனித்திருந்தார்கள். ஆனால் அவர்கள் கண்ட தீர்வு வேறு. ஊருக்குத் திரும்பிய சில நாளில் தோழியின் அம்மா அழைத்தார்.

"உங்க பொண்ணு என்ன சொல்லிக் கொடுத்தாளோ ரீ, இவ ஒரே அழுகை. இவளோடதையும் வெட்டித் தொங்கப் போடணுமாம்."

"ஐயோ, வேண்டாம், நல்லா இருக்கிற செடி! நான் அவகிட்ட பேசறேன்."

"அய்யே, அதெல்லாம் நேத்தே வெட்டியாச்சு. தக்காளி வெட்டற கத்தி. துணி காயப்போடற கொடியில கிளிப் மாட்டித் தொங்க விட்டிருக்கேன்." பின்னால் பிரஷர் குக்கர் விசில் அடித்தது. அவர் அதற்காகத்தான் கவலைப்பட்டவர்போல, அவசரமாகப் போனை வைத்துவிட்டார்.

பதறிப்போய் மகளிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பை நான் ஏப்ரலுக்குப் பிறகு பார்க்கவில்லை. பள்ளியில் இப்போது இன்னொரு பெண்ணிடமும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்கிறாளாம். சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். என்ன பலகாரம் செய்வது என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் சங்கடத்தைச் சொல்கிறேன். ஹூப்ளிச் செடிக்கு இன்னும் வேர் வரவில்லை. அதற்கும் வேர் வந்ததும் இரண்டையும் ஒரே நாளில், இங்கும் அங்கும் ஒரே நேரத்தில் நடுவது என்று குழந்தைகள் முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் எங்கள் செடியின் வேர்கள் இப்போதே விரல் நீளத்துக்கு வந்துவிட்டன. அடி இலைகள் இரண்டு காய்ந்து உதிர்ந்தன. தோழிக்காகக் காத்திருந்தால் இது தாங்குமா? காத்திருக்காமல் நட்டுவிட்டால் மகள் தாங்குவாளா?

எச்சவேரியா வளர்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். காற்றில் விட்ட வேரோடு ஒரு செடி எத்தனை நாள் இருக்கும்? வளைந்துவிட்ட தண்டை எப்படிப் பார்த்து நட வேண்டும்? நட்ட பிறகு முதல் தண்ணீர் எப்போது, அதை யார் ஊற்றுவது என்று வீட்டில் எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? வெட்டிய தலையில் வேர் சீக்கிரம் வர ஹூப்ளிக்கு ஏதாவது சொல்லி அனுப்ப முடியுமானால் அதையும் எழுதுங்கள். அந்த அம்மா செய்வார் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் நினைவூட்டுவேன். வாசலில் திருஷ்டிக்குத் தொங்கியதை வீட்டுக்குள் தொட்டியில் வைத்தவர்கள் யாராவது இருந்தால், எந்த இடத்தில் வைத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பால்கனி உள்ளே சேர்த்தியா, வெளியே சேர்த்தியா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.